குழாய் முனையில் மிஞ்சும் குளோரின்

கிருமிக்கு முன் குளோரின்

குடிநீரின் 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 10500 என்னும் இந்தியத் தரநிர்ணயத்தின் விதி. ஆனால் ஆய்வகத்தில் அதை வளர்த்துக் கண்டறிய ஒரு நாளாவது ஆகும். முடிவு வருவதற்குள் ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருக்கும். அதனால் அன்றாடக் கண்காணிப்பில் முதலில் அளக்கப்படுவது குளோரின்தான். தொட்டியில் கலக்கும் குளோரின், கிருமிகளோடும் பிற அழுக்குகளோடும் வினைபுரிந்து செலவானது போக, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். இந்த 'எஞ்சிய குளோரின்' திடீரென்று காணாமற்போனால், ஒன்று, வழியில் அசுத்தம் புகுந்திருக்கிறது. அல்லது மருந்தே சரியாகப் போடப்படவில்லை. டி.பி.டி. மாத்திரையைப் போட்டதும் நீர் இளஞ்சிவப்பாக மாறுவதை வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் சில நிமிடங்களில் அளவு தெரிந்துவிடும்.

மேல்நிலைத் தொட்டியில்

25 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரை 1,000 லிட்டருக்கு 4 கிராம் கலந்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் சேரும். கணக்கு எளிது, பவுடர்தான் கணக்குக்கு அடங்காது. வாய் திறந்த மூட்டையில் ஈரமும் வெயிலும் பட்டால் அதன் வீரியம் நாளுக்கு நாள் குறையும். எனவே 'மருந்து போட்டாயிற்று' என்ற பதிவு மட்டும் பாதுகாப்புக்குச் சான்றாகாது. கலந்து அரை மணி நேரமாவது கழிந்த பிறகு அளக்க வேண்டும். கலங்கல் நீராக இருந்தால் மண் துகள்களுக்குள் கிருமிகள் ஒளிந்து தப்பிவிடும் என்பதால், குளோரினுக்கு முன்பே வடிகட்டல் சரியாக நடந்திருக்க வேண்டும்.

வாக்கர்ட்டனின் பொய்ப் பதிவேடு

கண்காணிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதை கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துச் சிற்றூரான வாக்கர்ட்டன் காட்டியது. 2000 மே மாதம் பெய்த கனமழையில், ஊருக்கு நீர் தந்த ஆழமற்ற கிணறு ஒன்றில் மாட்டுச்சாணக் கழிவு கலந்தது. ஊழியர்கள் நெடுங்காலமாகக் குளோரினை நாள்தோறும் அளக்காமலே பதிவேட்டில் எண்களை நிரப்பி வந்திருந்தார்கள். நீர் கெட்டிருக்கிறது என்ற ஆய்வக முடிவு மே 17 அன்று குடிநீர் நிர்வாகத்துக்கு மட்டும் போனது. சுகாதாரத் துறையினர் விசாரித்தபோது தண்ணீர் நன்றாக இருப்பதாகவே பதில் வந்தது. கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவிப்பு வெளியானது மே 21 அன்று. அதற்குள் காலம் கடந்துவிட்டது: 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள்.

குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி அந்தக் கிணற்றில் இருந்திருந்தால் இதைத் தடுத்திருக்கலாம் என்று விசாரணை நடத்திய நீதிபதி டெனிஸ் ஓ'கானர் முடிவு செய்தார். ஒன்டாரியோ 2002-இல் பாதுகாப்பான குடிநீருக்கென்றே தனிச்சட்டம் இயற்றியது. அளப்பவரும் மேற்பார்ப்பவரும் வேறு வேறாக இருப்பதும், கெட்ட முடிவு அன்றே சுகாதாரத் துறைக்குப் போவதும் உயிர்காக்கும் ஏற்பாடுகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கடைசித் தெரு

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடும் ஊர்களில் சிக்கல் கூடுதல். விநியோகம் நின்றதும் குழாயில் அழுத்தம் குறைகிறது. விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. தொட்டியடிக் குழாயில் மட்டும் சோதித்தால் இது தெரியாது. மாதிரியைக் கடைக்கோடி வீட்டுக் குழாயிலும் எடுக்க வேண்டும். அங்கே வரும் நீர் கலங்கியிருந்தாலோ, நாற்றமடித்தாலோ, தெருவில் பலருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு கண்டாலோ உள்ளாட்சிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உடனே தெரிவிப்பது அவசியம். சோதனை முடியும்வரை தண்ணீரை நன்கு கொதிக்கவைத்துக் குடித்தால் கிருமிகள் சாகும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கொதிக்கவைப்பதால் போகா. அவற்றைக் கண்டறியத் தனியே ரசாயனச் சோதனை வேண்டும்.