மஞ்சள் மருந்துதான், சாயம் அல்ல

ஓசூர்க் கடைவீதியில் ஒரே சரக்குக்கு மூன்று பெயர். தமிழர் மஞ்சள் என்பார், கன்னடம் பேசுவோர் அரிசினா என்பார், தெலுங்கர் பசுப்பு என்பார். மூவருக்கும் அது புண்ணாற்றும் மருந்து. இந்தப் பாட்டி வைத்தியத்துக்குத்தான் 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள்! நமது அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களை ஆதாரம் காட்டி வாதாட, 1997-ல் அது ரத்தாயிற்று.

மஞ்சளின் குணத்துக்கு முக்கிய மூலம் குர்குமின். கிழங்கில் சுமார் 2 முதல் 5 சதவீதம்தான் உண்டு. தனியே உண்டால் உடம்பில் அதிகம் சேராது. மிளகு கலந்தால் கூடுதலாகச் சேரும். மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடுவது வீண் வழக்கமல்ல. ஆனால் புற்றுநோயே தீரும் என்று சொல்லி விற்க வேண்டாம். அதற்கு நிரூபணம் இல்லை.

வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது நிறத்தை. மங்கிய விரலியைப் பளபளப்பாக்க ஈயக் குரோமேட் பூசுவோர் உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழியோ, கடைசியாக விற்ற கடைக்காரர் தலையில்தான் முதலில் விழும். தூளைப் பொட்டலமிடாமல் அள்ளி விற்பதும் சட்டப்படி கூடாது.

மூட்டை வந்து இறங்கியதும் ஒரு விரலியைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போடுங்கள். உடனே சாயம் இறங்கினால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.