உல்லாச மோட்டாரும் சுதேசியமும்

ரேஞ்ச் ரோவர் இவோக் என்னும் சிறு உல்லாச மோட்டார் வண்டியைப் பற்றி நாம் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அரைக் கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள அவ்வண்டியை வாங்குவோர் நம் வாசகருள் மிகச் சிலரே. எனினும் அதைச் செய்யும் ஆங்கிலக் கம்பெனியை 2008-ம் வருஷத்தில் டாட்டா கம்பெனியார் 230 கோடி டாலருக்கு ஃபோர்டு கம்பெனியாரிடமிருந்து வாங்கினர். ஊசி முதல் ரயில் என்ஜின் வரை நமக்கு விற்று வந்த நாட்டின் பெயர்பெற்ற தொழிலொன்று பாரதீயர் கைக்கு வந்ததென்று அப்பொழுது தேசாபிமானிகள் பலரும் பெருமிதமுற்றனர். நாமும் மகிழ்ந்தோம்.

ஆயின் உடைமை வேறு, வித்தை வேறு. 1906-ல் தோன்றிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை வாங்கிய காலியா, லாவோ என்னும் கப்பல்களும் அன்னிய நாட்டில் கட்டப்பட்டவையே. அது குறையன்று, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டும் வாணிபமே அன்றைய நோக்கம். மோட்டார்த் தொழிலிலோ செய்யும் வித்தையே முதல். இவோக் 2011-ல் லிவர்ப்பூலை அடுத்த ஹேல்வுட்டில் உருவாகத் தொடங்கிற்று. அதே வருஷம் புணேயில் இக்கம்பெனி தொடங்கிய வேலையாவது, கடல் கடந்து வந்த பாகங்களைப் பொருத்தி முடிப்பதே. அதை வண்டி செய்வதென்று சொல்வது தையற்காரரை நெசவாளி என்பதற்கு ஒப்பாகும்.

2024 செப்டம்பரில் நிகழ்ந்த இரண்டு செய்திகளைச் சேர்த்து நோக்குக. அம்மாதம் 28-ந் தேதி ராணிப்பேட்டை ஜில்லா பனப்பாக்கத்தில் டாட்டா தொழிற்சாலைக்கு முதல் மந்திரி ஸ்ரீ ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். முதலீடு 9,000 கோடி ரூபாய். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் வண்டிகள் வரை. 5,000 பேருக்கு வேலை என்றனர். அதே மாதத்தில், வரவிருக்கும் மின்சார வண்டிகளுக்கென ஹேல்வுட்டை மாற்றியமைக்க 50 கோடி பவுன் செலவிடுவதாகப் பிரிட்டனில் அறிவித்தனர். புதிய வித்தை அங்கே வளரும். பனப்பாக்கத்துக்குக் கிட்டுவது வேலை மட்டுந்தானா? வேலையை நாம் இகழவில்லை. தோல் பதனிடும் தொழிலை நெடுநாள் நம்பியிருந்த வட்டாரத்தில் அது பெரும் பேறே.

இதற்கிடையில் 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான இந்திய பிரிட்டிஷ் வர்த்தக உடன்படிக்கை, நூறு சதவீதத்துக்கு மேலிருந்த மோட்டார் இறக்குமதித் தீர்வை வரையறுத்த எண்ணிக்கைக்குட்பட்டு படிப்படியாகப் பத்து சதவீதமாக இறங்க வழி செய்திருக்கிறது. தீர்வை தாழ்ந்தால் இங்கே பாகங்களைப் பொருத்துவதன் ஆதாயமும் தாழும். மறைமலைநகரில் ஃபோர்டு கம்பெனியார் 2022-ல் வண்டி உற்பத்தியை நிறுத்தியதை நாம் மறக்கவில்லை. அங்கே என்ஜின்கூடச் செய்தார்கள். ஆயினும் தீர்மானம் அமெரிக்காவில் நடந்தது.

பனப்பாக்கத்து விஷயத்தில் அச்சாக்கு செல்லாது. தீர்மானிப்போர் மும்பையில் இருக்கின்றனர். ஒப்பந்தத்தின் ஷரத்துக்களைச் சர்க்கார் சட்டசபையில் வைக்க வேண்டும். உள்நாட்டுப் பாகங்களின் விகிதம் வருஷந்தோறும் எவ்வளவு உயருமென்று கம்பெனியார் சொல்ல வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை ஜில்லாக்களின் பொறியியல் மாணாக்கரைக் கேடனிலுள்ள வடிவமைப்புக் கூடத்துக்குச் சம்பளத்துடன் அனுப்ப வேண்டும். பயணச் செலவு அவ்வண்டிகள் சிலவற்றின் விலைக்கு மேற்படாது.