அடுக்களை எண்ணெய் இருக்க அழகு கிரீம் எதற்கு?

கரமனையில் பிள்ளை பெற்ற வீடு எது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேங்காய்ப்பால் காயும் மணமே காட்டிக் கொடுத்துவிடும். மலையாளத்தில் 'உருக்கு வெளிச்செண்ணெய்', 'வெந்த வெளிச்செண்ணெய்' என்று சொல்லும் இந்த எண்ணெயை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் தலைமுறைகளாகக் காய்ச்சி வருகின்றன. பச்சைக் குழந்தையின் உடம்புக்கு இதைவிட உகந்தது இல்லை என்பது பாட்டிமார் கட்சி.

ஆனால் அதே வீட்டு இளவட்டங்கள் சம்பளத் தேதியில் தேடிப் போவது சிவப்பழகு கிரீமை!

காசோடு போகவில்லை

காசு மட்டும் போனால் பரவாயில்லை. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையில், சிறுநீரில் புரதம் கழியும் ஒருவகைச் சிறுநீரக நோய் 22 பேருக்கு இருப்பது தெரிந்தது. அவர்களில் 15 பேருக்கு இருந்தது அதிலும் அபூர்வமான பிரிவு. அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீமில் இருந்த பாதரசத்தையே டாக்டர்கள் சுட்டிக் காட்டினர். 2023-ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனையும் நடத்தியது.

பாதரசம் ஒருபுறம் என்றால், ஸ்டீராய்டு மறுபுறம். முகம் வெளுக்கும் என்று ஸ்டீராய்டு களிம்பைப் பூசுவோர் அநேகம். நாளடைவில் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும். 2018-ல் மத்திய அரசு இத்தகைய 14 களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கத் தடை விதித்தது.

காய்ச்சும் விதம்

முற்றிய தேங்காயைத் துருவி, வெந்நீர் தெளித்துப் பிழிந்து பால் எடுக்க வேண்டும். அடி கனத்த உருளியில் ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பால் திரியும். பிறகு நீர் வற்றி, கசடு பொன்னிறமாகி, எண்ணெய் தெளிந்து நிற்கும். கசடு கருகுமுன் இறக்கி, ஆறியதும் துணியில் வடிகட்டி, ஈரமில்லாத குப்பியில் அடைக்கலாம். ஈரம் தங்கினால் எண்ணெய் காறிவிடும். கசடு வீணில்லை, சர்க்கரை சேர்த்தால் பிள்ளைகளுக்குத் தின்பண்டம்.

கடையில் வாங்குவோருக்கு ஒரு வழி. 2025-ல் தேங்காயெண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. விலை ஏறினால் கலப்படமும் ஏறும். எண்ணெயைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி பிரிஜ்ஜில் அரை மணி நேரம் வையுங்கள், பிரீசரில் வேண்டாம். தேங்காயெண்ணெய் உறைந்துவிடும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது உறையாமல் தனியே நிற்கும்.

எண்ணெய் என்ன செய்யும்?

எண்ணெய் தோலுக்கு ஈரம் தருவதில்லை; இருக்கும் ஈரம் பறந்துவிடாமல் மூடி வைக்கிறது. ஆகவே குளித்ததும் பாதி ஈரத்தோடு நாலு சொட்டு தடவுவதே முறை. 2014-ல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வில், கரப்பான் போன்ற தோல் அழற்சி உள்ள 117 குழந்தைகளுக்கு 8 வாரம் எண்ணெய் தடவிப் பார்த்தனர். மினரல் ஆயில் தடவியவர்களைவிட, காய்ச்சாமல் எடுத்த தூய தேங்காயெண்ணெய் தடவியவர்களுக்குக் குணம் அதிகம் தெரிந்தது.

குதிகால் வெடிப்புக்கு விளக்கெண்ணெய் நல்லது. ஆல், அரசு, அத்தி, இத்தி மரப்பட்டைகளும் மஞ்சளும் சேர்த்துக் காய்ச்சும் நால்பாமராதி எண்ணெய் ஆயுர்வேதக் கடைகளில் கிடைக்கிறது.

எண்ணெய்க்கும் எல்லை உண்டு

முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் எண்ணெய் பூச வேண்டாம். தேமலுக்கும் படர்தாமரைக்கும் எண்ணெய் மருந்தாகாது. வெயிலை அது தடுக்கும் என்றும் நம்பாதீர்கள். குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை வாயில் புகட்டவே கூடாது, அது விஷமாகலாம். புது எண்ணெய் எதையும் முதலில் முழங்கைக்கு உள்பக்கம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோலுக்கு வேண்டியது ஈரப்பசை, வெளுப்பு அல்ல. கம்பெனி விலாசமும் லைசென்ஸ் எண்ணும் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். ஏற்கெனவே பூசி வருபவர்களுக்கு முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.