பிஸ்கெட்டுக்கு வண்ணச் சட்டை!

குட்டீஸ்... நாமக்கல் என்றால் முட்டை. சேலம் என்றால், 2023ல் புவிசார் குறியீடு பெற்ற ஜவ்வரிசி. பிஸ்கெட் மீது பூசும், 'ஐசிங்' செய்ய இதில் எது உதவும் தெரியுமா?

'ராயல் ஐசிங்' என்ற வகையில், முட்டையின் வெள்ளைக் கருவைப் பச்சையாக அடித்துச் சேர்ப்பது பழைய வழக்கம். பச்சை முட்டையில், 'சால்மோனெல்லா' கிருமி இருக்கலாம். வயிற்றைப் பதம் பார்த்துவிடும். எனவே, முட்டை வேண்டாம்!

ஒரு கப் சர்க்கரையை, ஈரமில்லாத மிக்சியில் நைசாக அரைத்துத் தரச் சொல்லி, பெரியவர்களிடம் கேளுங்கள். ஜவ்வரிசி தயாராகும் அதே மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச் மாவு, ஒரு டீஸ்பூன் கலந்து சலியுங்கள். மாவு ஈரத்தை உறிஞ்சுவதால், சர்க்கரை கட்டி தட்டாது.

காய்ச்சி ஆறிய பாலை, அரை அரை டீஸ்பூனாக விட்டுக் குழையுங்கள். கரண்டியிலிருந்து தேன் போல மெதுவாக வழிய வேண்டும். இளஞ்சிவப்பு நிறத்துக்கு, சில சொட்டு பீட்ரூட் சாறு போதும்.

நன்கு ஆறிய பிஸ்கெட்டில் மட்டும் பூசுங்கள், சூட்டில் வழிந்துவிடும். ஈரம் ஆவியானதும், சர்க்கரை மீண்டும் படிகமாகி இறுகும். பால் சேர்த்திருப்பதால், அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.

நாமக்கல் முட்டையை என்ன செய்வதா... நன்றாக வேக வைத்துச் சாப்பிடுங்க, குட்டீஸ்!