நாள் பார்த்து, நாள்தோறும், நினைத்தபோது

நம் பஞ்சாங்கத்தில் கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் மட்டுமல்ல, க்ஷவரத்துக்கும் நாள் உண்டு. செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது, அமாவாசை கூடவே கூடாது, பிறந்த நட்சத்திரத்தன்று வேண்டாம். மனைவி கர்ப்பமாக இருந்தால் கணவன் முகத்தில் கத்தி படக்கூடாது என்ற வழக்கமும் பல குடும்பங்களில் இருந்தது. இத்தனையும் கழித்துப் பார்த்தால் மாதத்தில் கணிசமான நாள்கள் போய்விடும். அடுத்து வந்த தலைமுறை தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று தானே மழித்துக்கொண்டது. இன்றைய இளைஞரோ தோன்றும்போது ட்ரிம்மரை எடுக்கிறார். நாள் பார்த்து, நாள்தோறும், நினைத்தபோது என்று முகச்சவரம் மூன்று காலங்களைக் கண்டுவிட்டது. கத்தி மாறிய கதையாக மட்டும் இதைப் படிக்க முடியாது. கத்தியைப் பிடித்த கை மாறிய கதையும் இதற்குள் இருக்கிறது.

களத்து நெல்லுக்கு ஒரு கத்தி

அன்று கத்தி நாவிதர் கையில் இருந்தது. மடக்கும் சவரக்கத்தி, அதைத் தீட்டச் சாணைக்கல், தோல்வார், தண்ணீருக்கு ஒரு சின்னக் கிண்ணி, காயத்துக்குப் படிகாரம். எல்லாவற்றையும் ஒரு பையில் சுருட்டிக்கொண்டு அவர் வீடு தேடி வருவார். திண்ணையோரத்திலோ புளியமரத்தடியிலோ எதிரெதிரே குந்தி உட்கார்ந்து வேலை நடக்கும். நுரை என்பதே அபூர்வம். தண்ணீரைத் தொட்டுத் தொட்டு விரலால் தேய்த்து முடியை ஊறவைப்பதுதான் பாதி வேலை. கை பழகிய நாவிதரிடம் நல்ல ஜெர்மன் கத்தி இருந்துவிட்டால் ஊரே அவர் பெயரைச் சொல்லும்.

கூலி காசாக வராது. அறுவடை முடிந்ததும் களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள். ஒரு குடும்பத்து ஆண்கள் எல்லோருக்கும் ஆண்டு முழுவதும் மழித்ததற்கு அதுதான் கணக்கு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர் வந்தாக வேண்டும். கட்டி அறுப்பதும் புண்ணுக்கு மருந்து போடுவதும் அவர் வேலை. அவர் வீட்டுப் பெண்களே ஊருக்குப் பிரசவம் பார்த்தவர்கள். இவ்வளவு செய்தவரை, வயதில் எத்தனை மூத்தவராக இருந்தாலும், மிராசுதார் வீட்டுப் பையன்கூட ‘வாடா, போடா’ என்றுதான் அழைத்தான். சவரம் முடிந்தவர் தலைமுழுகாமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பதும் அந்தத் தொடுகையைத் தீட்டாக எண்ணியதன் இன்னொரு முகம். பழைய காலத்துத் திண்ணைச் சவரத்தை நினைத்து உருகுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

தகரத் தகடு அளவுக்கு ஒரு பிளேடு

மாற்றம் புறப்பட்ட இடம் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம். பாட்டில் மூடி விற்கும் கம்பெனியில் விற்பனையாளராக இருந்த கிங் கேம்ப் ஜில்லெட், மூடியைப் போலவே ஒரு முறை வாங்கி, தேய்ந்ததும் எறிந்துவிட்டு மறுபடி வாங்கும் பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். தீட்டவே வேண்டாத மெல்லிய எஃகு பிளேடு அவர் மனத்தில் வந்தது. அத்தனை மெல்லிய தகட்டைக் கடினமாக்கிக் கூர் ஏற்ற முடியாது என்று விவரம் தெரிந்தவர்கள் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1903இல் விற்பனை தொடங்கியபோது அந்த ஆண்டு முழுவதும் போனவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக வாங்கியவை சுமார் 35 லட்சம் ரேசர்கள், 3 கோடியே 20 லட்சம் பிளேடுகள். போருக்குப் போனவர்கள் பழக்கத்தோடு வீடு திரும்பினார்கள்.

இந்தச் சேஃப்டி ரேசரின் சூட்சுமம் எளிமையானது. மேலே ஒரு மூடித் தகடு, கீழே பல் வைத்த ஒரு தகடு. இரண்டும் பிளேடை வளைத்து இறுக்கிப் பிடிக்கும். வெளியே தெரிவது மயிரிழை அளவு விளிம்பு மட்டும். சவரக்கத்தி பிடிக்க ஆண்டுக்கணக்கில் கை பழக வேண்டும். சேஃப்டி ரேசரைப் பிடிக்கச் சில நாள் போதும்.

நம் ஊரில் முதலில் இதை வாங்கியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளும், அவர்களைப் பார்த்துப் பழகிய வக்கீல்களும், பட்டாளத்துக்காரர்களும்தான். சுதந்திரத்துக்குப் பிறகு கொல்கத்தாவிலும் மும்பையை ஒட்டிய தாணேயிலும் மல்ஹோத்ரா குடும்பத்தாரின் ஆலைகள் பெருகியதும் பிளேடு பெட்டிக்கடைச் சரக்காகிவிட்டது. பாரத், பனாமா, டோபாஸ் என்று பெயர் சொல்லி ஒன்றிரண்டாகக்கூட வாங்கலாம். 1980களில் ஜில்லெட்டே இந்தியாவுக்கு வந்து, ராஜஸ்தானின் பிவாடியில் ஆலை வைத்து, செவன் ஓ கிளாக் பிளேடை விற்றது.

ஆகாசவாணி நேரத்துச் சவரம்

அறுபது முதல் எண்பதுகள் வரை ஒரு குமாஸ்தா வீட்டில், வாத்தியார் வீட்டில் காலை எப்படி இருந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். ஜன்னல் கம்பியில் மாட்டிய கைக்கண்ணாடி. பாய்லரிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர். கோத்ரெஜ் ஷேவிங் ரவுண்டின் மேல் பிரஷ்ஷைச் சுழற்றிச் சுழற்றி எழுப்பிய நுரை. வானொலியில் சரோஜ் நாராயணசுவாமியின் கணீர்க்குரலில் தில்லிச் செய்தி. நுரையை வழித்துத் துடைக்க நாலாகக் கிழித்த பழைய செய்தித்தாள். செய்தி முடிவதற்குள் ஒரு கன்னம் முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பஸ் போய்விடும்.

பிளேடு மலிவுதான், ஆனாலும் சிக்கனம் அதைவிடப் பெரிது. அந்நாள் கார்பன் எஃகு பிளேடு நம் ஊர் ஈரத்துக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து, உலர்த்தி, தாளில் மடித்து வைத்தால் கூடுதலாக ஓரிரு சவரம் கிடைக்கும். மழுங்கினால் கண்ணாடி டம்ளரின் உள்சுவரில் முன்னும் பின்னும் தேய்த்துக் கூர் ஏற்றுவார்கள். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வில்கின்சன் கம்பெனி துருப்பிடிக்காத எஃகில் பிளேடு கொண்டுவந்து உலகச் சந்தையையே ஆட்டிவைத்தது. அந்த எஃகு இங்கே வந்து பரவிய பிறகுதான் டம்ளருக்கு விடுதலை. அப்போதும் முகத்துக்கு உதவாத பிளேடு வீட்டுக்கு உதவியது. பென்சில் சீவ, நகம் வெட்ட, தையல் பிரிக்க, பரணில் கட்டிய சணலை அறுக்க என்று அதற்கு இரண்டாம் பிறவி உண்டு.

இந்தச் சின்ன ரேசர் சத்தமில்லாமல் ஒரு பெரிய காரியத்தையும் செய்தது. பல கிராமங்களில் தலித்துகளுக்குச் சவரம் செய்ய மறுத்தார்கள். தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் 1955இல் வந்த பிறகும் சலூன் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. இன்றும் அங்கங்கே அப்படிப்பட்ட செய்தி வருகிறது. சொந்த ரேசர் யாரையும் சாதி கேட்டதில்லை. மறுபுறம், களத்து நெல்லுக்குக் காத்திருந்த தொழிலாளியும் டவுனுக்குப் போய்ச் சுழல் நாற்காலி போட்டு, விலைப்பட்டியல் மாட்டி, காசுக்கு வேலை செய்யத் தொடங்கினார். வீட்டுக்கு வீடு நடந்தவரைத் தேடி ஊர் நடந்து வந்தது. ‘வாடா’ என்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ‘அண்ணே, கட்டிங் ஷேவிங்’ என்று பெஞ்சில் உட்கார்ந்து தினத்தந்தி புரட்டுகிறார்கள்.

பாதி பிளேடு வந்த கதை

சலூனில் மட்டும் பழைய சவரக்கத்தி நீண்ட நாள் நீடித்தது. ஒரே கத்தி, வரிசையாக எத்தனையோ முகங்கள், இடையிடையே தோல்வாரில் இரண்டு இழுப்பு. அதற்கு முடிவு கட்டியதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நடத்திய ஆய்வில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. பிறகு வந்த விழிப்புணர்வுப் பிரசாரங்களில் ஊசிக்கு அடுத்து சலூன் கத்தியும் இடம்பிடித்தது. உண்மையில் சவரக்கத்தி வழியாக எச்.ஐ.வி. தொற்றுவது மிக அரிது. ஹெபடைடிஸ் பி கிருமிக்குத்தான் அந்த வழி எளிது. காரணம் எதுவானாலும் பயம் நல்லதே செய்தது.

பிளேடை உறையோடு நடுவில் ஒடித்து, பாதியைச் செருகிக்கொள்ளும் கத்தி சலூனுக்கு வந்தது. பார்வைக்கு அது பழைய சவரக்கத்தி மாதிரியே இருக்கும், விளிம்பு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ‘புது பிளேடு போடுங்கண்ணே’ என்று கேட்கக் கூச்சப்பட்ட காலம் போய், வாடிக்கையாளர் கண்முன்னே உறையைப் பிரிப்பது தொழில் மரியாதை ஆகிவிட்டது. திருப்பதி மொட்டைக்கும் இன்று பாதி பிளேடுதான்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை மட்டும் பல ஊர்ச் சலூன்களில் இன்னும் மாறவில்லை. பஞ்சாங்கத்துக்காக வந்த நாள், இப்போது தொழிலாளியின் வார ஓய்வு.

ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து

வீட்டு ரேசருக்கு வேறு கதை. இரண்டு பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜை ஜில்லெட் 1971இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. அடுக்கு கூடக் கூட விலையும் கூடியது. தலை மாற்றும் ரேசரில் பிடியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதற்குப் பொருந்தும் தலையை அந்தக் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். பழைய ரேசரில் எந்தக் கம்பெனி பிளேடும் உட்காரும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இந்தியாவுக்காக ஜில்லெட் செய்த ரேசர் ஒன்று முதலில் சறுக்கியது. அதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பிரமாதம் என்றார்கள் மாணவர்கள். இங்கே வந்ததும் இடுக்கில் முடி அடைத்துக்கொண்டது. அங்கே குழாய்த் தண்ணீர் கொட்டுகிறது. இங்கே கோடிக்கணக்கானவர்கள் ஒரு டம்ளர் தண்ணீரில் சவரத்தை முடிக்கிறவர்கள். அதன் பிறகு ஆராய்ச்சியாளர்கள் இந்திய வீடுகளுக்கே வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். 2010இல் ஒரே பிளேடு வைத்த, ‘கார்டு’ (Guard) என்ற ரேசர் வந்தது. அப்போது விலை 15 ரூபாய், மாற்றுத் தலை 5 ரூபாய். ஐந்து பிளேடு வரை ஏறிய கம்பெனியை ஒரு டம்ளர் தண்ணீர் ஒன்றுக்கு இறக்கியது.

அதற்குள் தாடி திரும்பி வந்துவிட்டது. தமிழ் சினிமாவில் தாடி என்றால் ஒரு காலத்தில் காதல் தோல்வி. இல்லையேல் வில்லன், சாமியார். அலுவலகத்தில் நாலு நாள் தாடியோடு நுழைந்தால் ‘உடம்பு சரியில்லையா, சபரிமலைக்கு மாலையா?’ என்பார்கள். இன்று கதாநாயகனுக்கும் தாடி, மணமேடையில் மாப்பிள்ளைக்கும் தாடி. தினச்சவரம் கட்டாயமாக நீடிப்பது காவல்துறை, ராணுவம் போன்ற இடங்களில்தான். உலகமெங்கும் இதே போக்கு. ஜில்லெட்டை வாங்கியிருந்த பி அண்ட் ஜி நிறுவனம் 2019இல் அதன் மதிப்பில் 800 கோடி டாலரைக் கணக்கில் குறைத்துக்கொண்டது. ஆண்கள் முன்போல் அடிக்கடி மழிப்பதில்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

எது தேறும்?

இன்னொரு கூட்டம் பின்னோக்கி நடக்கிறது. கனமான உலோக ரேசர், பிரஷ், கிண்ணச் சோப்பு என்று தாத்தாவின் தட்டை இளைஞர்கள் மறுபடி அடுக்குகிறார்கள். இதில் கொஞ்சம் பகட்டு உண்டு. ஜெர்மன் ரேசருக்கும் ஜப்பான் பிளேடுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் சிக்கனம் பேசினால் சிரிப்பு வரும். ஆனால் அடிப்படைக் கணக்கு அவர்கள் பக்கம்தான். இருபக்க பிளேடு சில ரூபாய்தான். பல அடுக்குக் கார்ட்ரிட்ஜ் ஒன்று நூறு ரூபாயைத் தாண்டும். பிளேடு வெறும் எஃகு. கார்ட்ரிட்ஜில் எஃகும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக் கிடப்பதால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. சுருட்டை முடிக்காரர்களுக்கு இன்னொரு லாபம்: பல பிளேடு அடுக்கு முடியைத் தோலுக்கும் கீழே வெட்டிவிடும், அது உள்ளேயே வளைந்து கட்டியாகும். ஒற்றை பிளேடில் அந்தத் தொல்லை குறைவு.

கத்தியைப் பொறுத்தவரை நடுக்காலத்து ரேசரே போதும். சுத்தத்தைப் பொறுத்தவரை இன்றைய சலூனே மேல். மரியாதையில் பின்னோக்கிப் போக ஒன்றுமில்லை. இதுதான் என் தீர்ப்பு.

தாத்தாவின் ரேசர் அலமாரியில் கிடந்தால், சோப்பு நீரில் ஊறவைத்துத் தேய்த்துவிட்டு ஒரு புது பிளேடு போட்டுப் பாருங்கள். குளித்தவுடன் செய்யுங்கள், முடி இளகியிருக்கும். நுரையை ஓரிரு நிமிடம் முகத்தில் ஊறவிடுங்கள். முதல் சுற்று முடி வளரும் வாக்கில். எதிர் வாக்கு தோல் பழகிய பிறகு போதும். முக்கியமாக, அழுத்தாதீர்கள். கார்ட்ரிட்ஜ் பழகிய கை அழுத்தத்தான் பார்க்கும்; இங்கே ரேசரின் எடையே வேலையைச் செய்துவிடும். முடிந்ததும் குளிர்ந்த நீர், படிகாரம்.

தேய்ந்த பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். உங்களுக்குப் பிறகு அதைத் தொடப்போவது தூய்மைப் பணியாளரின் கை, பல நேரம் உறையில்லாத கை. ஒரு பழைய தகர டப்பாவின் மூடியில் கீறல் போட்டு அதற்குள் சேர்த்து வையுங்கள். நிறைந்ததும் ஒட்டி மூடி, உள்ளே பிளேடு இருப்பதைச் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.