அனல் மின் நிலையமும் தரவு மையமும்: அருகில் வாழ்வோரின் உரிமைகள், தீர்வு வழிகள்

மின்சாரமும் இணையமும் வேண்டும், ஆனால் அவற்றை வழங்கும் ஆலைகள் தம் குடியிருப்பின் அருகே வேண்டாம் என்று மக்கள் சொல்லும்போது, அந்த எதிர்ப்பின் மீது தன்னலம் என்றும் வளர்ச்சிக்குத் தடை என்றும் எளிதில் முத்திரை குத்தப்படுகிறது. வடசென்னையின் எண்ணூர் வட்டாரத்து மக்கள் அரை நூற்றாண்டாகப் பெற்ற பட்டறிவை வைத்துப் பார்த்தால், ஆலை வெளியேற்றுவது என்ன, அதன் அளவு எவ்வளவு, கேடு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காத இடத்தில்தான் எதிர்ப்பு வேர்விடுகிறது என்பது விளங்கும். இக்கேள்விகளைக் கேட்கும் உரிமையைச் சட்டம் அளித்திருக்கிறது. அதைக் காலக்கெடுவுக்குள் பயன்படுத்தத் தெரிந்திருப்பது அருகில் வாழ்வோர் ஒவ்வொருவருக்கும் இன்றியமையாதது.

சாம்பலும் புகையும்

450 மெகாவாட் திறனுடைய பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டபோதிலும், வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதலிரு நிலைகள் 1,830 மெகாவாட்டும், வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட்டும் திறன் கொண்டவையாக அதே வட்டாரத்தில் இருக்க, 2024 மார்ச்சில் 800 மெகாவாட் மூன்றாம் நிலையும் தொடங்கிவைக்கப்பட்டது. நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் சாம்பலை நீரில் கலந்து குழம்பாக்கி, குழாய் வழியே சாம்பல் குளம் எனப்படும் பரந்த தேக்கத்துக்கு அனுப்புவது இந்நிலையங்களின் வழக்கம். அக்குழாய்களில் ஏற்பட்ட கசிவுகளால் கொசஸ்தலையாற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் சாம்பல் படிந்து படுகை மேடிட்டதால், மீனவர்களோடு, இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் பிழைப்பை இழந்தன. சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்தில் காற்று வீசும் நாள்களில் குடிநீர்க் குடத்திலும் கொடியில் உலரும் துணியிலும் சாம்பல் படிகிறது. கண்ணுக்குத் தெரியும் அந்தப் படிவைவிட, நுரையீரலின் அடிவரை செல்லும் நுண்துகளும், புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கந்தக டை ஆக்சைடும் உடல்நலத்துக்குப் பெருங்கேடு விளைவிப்பவை.

தரவு மையத்தின் சுமை

இணையத்தில் சேமிக்கப்படும் தகவல்களைக் காத்துக் கையாளும் ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே கட்டடத்தில் அடுக்கி, இரவும் பகலும் இடைவிடாது இயக்கும் இடமே தரவு மையம், அதாவது டேட்டா சென்டர். தமிழ்நாடு அரசு 2021இல் இதற்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இத்தகைய மையங்கள் இயங்குகின்றன. இவற்றில் புகைபோக்கி இல்லாததால் தீங்கற்றவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆயினும் கணினிகள் உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுவதால், அதை வெளியேற்றும் விசிறிகளும் குளிரூட்டிகளும் ஓயாமல் இரைகின்றன. நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை கையாளப்பட்டால் நீர்த்தேவையும் பெருகும். மின்வெட்டுக்காக வைக்கப்படும் டீசல் ஜெனரேட்டர்களை மின்வெட்டு இல்லாத நாள்களிலும் சோதனைக்காக இயக்கவேண்டியிருப்பதால், அவற்றின் புகையும் அக்கம்பக்கத்தாரைச் சேர்கிறது. இம்மையங்களுக்குத் தேவைப்படும் மின்சாரத்தின் ஒரு பகுதி நிலக்கரியிலிருந்து வரும்வரை, அவற்றின் சுமை மின் நிலையத்தின் அருகில் வாழ்வோர் மீதும் விழுகிறது.

சட்டம் தரும் உரிமைகள்

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய அனல் மின் திட்டம் எதற்கும் அனுமதி வழங்குமுன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும் என்பது பொது விதி. மாசு கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தந்து, மாவட்ட ஆட்சியரோ கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமையேற்க நடத்தும் இக்கூட்டம் முழுவதும் காணொளியில் பதிவு செய்யப்பட வேண்டும்; திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும்; பேசப்பட்டவற்றின் தொகுப்பு கூட்ட முடிவில் தமிழில் படித்துக் காட்டப்பட வேண்டும். கூட்டத்துக்கு வர இயலாதோர் எழுத்து மூலமும் கருத்துத் தெரிவிக்கலாம்.

தரவு மையங்களோ பெரும்பாலும் கட்டுமானத் திட்டம் என்ற வகையிலேயே வருகின்றன. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்றாலும், அவ்வகைக்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உள்ளது. வீடுகள் அடங்கிய அடுக்குமாடிக்கும், எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும் தரவு மையத்துக்கும் ஒரே அளவுகோலைப் பொருத்துவது நியாயமாகாது. தரவு மையங்களுக்கும் கருத்துக் கேட்பைக் கட்டாயமாக்குவதே முறை.

தீர்வு வழிகள்

முதல் படி, தகவலைப் பெறுவது. காற்று, நீர் மாசுத் தடுப்புச் சட்டங்களின் கீழ் மாசு கட்டுப்பாட்டு வாரியம் வழங்கும் இசைவாணையில், எத்தனை ஜெனரேட்டர், எவ்வளவு கழிவுநீர், என்னென்ன நிபந்தனை என்பவை குறிக்கப்பட்டிருக்கும். அதன் நகலையும், சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளிக்கவேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கையையும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கோரலாம். 30 நாளுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

இரண்டாம் படி, பாதிப்பை ஆவணப்படுத்துவது. குடியிருப்புப் பகுதியில் ஒலியளவு பகலில் 55 டெசிபலையும் இரவில் 45 டெசிபலையும் மீறக்கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. வரம்பைவிட 10 டெசிபல் கூடினால் உரிய அதிகாரியிடம் புகார் அளிக்கலாம். இரைச்சல் எழுந்த நாள், நேரம், புகைப்படம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றைத் தொடர்ந்து பதிந்து வைத்து, புகாரை எழுத்தில் தந்து ஒப்புகை பெறுவது நல்லது. வாய்மொழிப் புகார் பின்னர் சான்றாக நிற்பது அரிது.

மூன்றாம் படி, தேசிய பசுமைத் தீர்ப்பாயம். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து 30 நாளுக்குள்ளும், சுற்றுச்சூழல் தகராறுக்கு ஆறு மாதத்துக்குள்ளும், இழப்பீட்டுக்கு ஐந்தாண்டுக்குள்ளும் மனுச் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இவை ஒவ்வொன்றிலும் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். எண்ணூர் சாம்பல் மாசு குறித்து மீனவர் ஒருவர் 2016இல் தொடுத்த வழக்கில், 2022இல் அந்த அமர்வு தீர்ப்பளித்து, மாசுபட்ட பகுதியைச் சீரமைக்க உத்தரவிட்டது. ஆறு ஆண்டு நீண்ட அவ்வழக்கு, சாமானியரின் சட்டப் போராட்டம் வெல்லக்கூடியது என்பதையும், தீங்கு நேர்ந்தபின் கிடைக்கும் நீதி எவ்வளவு தாமதமானது என்பதையும் ஒருசேரக் காட்டுகிறது.

ஆகவே, திட்ட அறிவிப்பு நாளிதழில் வந்தவுடனேயே ஊராட்சியும் குடியிருப்போர் நலச் சங்கமும் கூடி, நீர் எங்கிருந்து எடுக்கப்படும், ஜெனரேட்டர் சோதனை எந்நேரத்தில் நடக்கும், சாம்பல் எங்கே போகும், ஒலியையும் காற்றின் தரத்தையும் அளந்து யார் வெளியிடுவார் என்ற நான்கு கேள்விகளையும் எழுத்தில் கேட்டுப் பதில் பெற வேண்டும். நேர்மையான பதில் தரும் நிறுவனத்துக்கு அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கை கிடைக்கும். பதில் தர மறுக்கும் திட்டத்தை எதிர்ப்பதற்கு மக்களுக்கு முழு உரிமை உண்டு.