தபாற் கந்தோர்: தாகூரின் நாடகமும் கண்டோர் கருத்தும்

நூலொன்றைப் படிப்பவர் தனித்திருந்து படிப்பர். நாடகத்தைப் பார்ப்பவர் கூடியிருந்து பார்ப்பர். எனினும், திரை விழுந்தபின் அரங்கைவிட்டு வெளிவரும் ஒவ்வொருவரும் தத்தம் வாழ்க்கைக்கு இசைந்த ஒரு பொருளையே உடன்கொண்டு செல்வர். இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாய் விளங்குவது கவியரசர் இரவீந்திரநாத தாகூர் இயற்றிய ‘டாக் கர்’ என்னும் சிறு நாடகமாகும். ‘தபாற் கந்தோர்’ எனப் பொருள்படும் இந்நாடகம் 1911ஆம் ஆண்டில் எழுதப்பெற்று, 1912ஆம் ஆண்டில் வங்காள மொழியில் வெளிவந்தது. நோயுற்ற சிறுவன் ஒருவன், அவன்மேல் அன்புகொண்ட சிலர், ஒரு சாளரம், அதற்கு எதிரே அரசன் அமைத்த தபாற் கந்தோர் என்னும் இவையே இதன் உறுப்புக்கள். போர் இல்லை, சூழ்ச்சி இல்லை, மன்றலும் இல்லை. ஆயினும் டப்ளின், கல்கத்தா, பேர்லின், வார்சோ ஆகிய நான்கு நகரங்களிலே இதனைக் கண்டோர் இதனை வெவ்வேறு வகையாக உணர்ந்தனர். அவ்வேறுபாடு எதனால் எழுந்தது என ஆராயுமிடத்து நாடகத்தின் உட்பொருளும் புலனாகும்.

முதலிற் கதையை அறிதல் நன்று. மாதவன் என்பான் பிள்ளைப்பேறில்லாத இல்லறத்தான். பெற்றோரை இழந்த அமல் என்னும் சிறுவனைத் தன் மகனாக ஏற்று வளர்க்கின்றான். முன்னர்ப் பொருளின்மேற் கொண்ட ஆசையாலே பொருள் தேடியவன், இப்பொழுது அமலுக்காகவே தேடுகின்றான்; அதனால் உழைப்பும் அவனுக்கு இன்பமாகின்றது. அச்சிறுவனை நோய் பற்றுகின்றது. ஊர் வைத்தியர் பழைய நூல்களை எடுத்துக்காட்டி, கூதிர்காலத்துக் காற்றும் வெயிலும் பிள்ளைக்கு ஆகா. அவனை வீட்டினுள்ளேயே வைத்துக் காக்கவேண்டும் என விதிக்கின்றார். வெளியே செல்லவியலாத அமல் சாளரத்தருகே அமர்ந்து வீதியிற் போவோரை அழைத்துப் பேசுகின்றான். தயிர்க்காரனிடம் மலையடிவாரத்து ஊரைப் பற்றிக் கேட்கின்றான்; காவற்காரனிடம் மணியோசையின் பொருளை வினாவுகின்றான். பூக்காரியின் மகள் சுதா, பூப்பறித்துத் திரும்பும்போது அவனிடம் வருவதாக வாக்களிக்கின்றாள். எதிரேயுள்ள தபாற் கந்தோரிலிருந்து அரசன் தனக்கும் ஒரு கடிதம் விடுப்பான் என்னும் நம்பிக்கை அவனுள்ளே வளர்கின்றது.

செருக்குடைய ஊர்த்தலைவன் இதனை அறிந்து, எழுத்தில்லாத வெறுந் தாளொன்றை நீட்டி, இதுவே அரசன் கடிதம் என எள்ளி நகையாடுகின்றான். ஆனால், அமலின் நண்பரான முதியவர் அதனை ஏளனமாகக் கொள்ளவில்லை. அரசன் வருவது மெய்யே என்கிறார். அவ்வாறே அரசனின் தூதன் கதவைத் தகர்த்துக்கொண்டு வருகின்றான். பின்னர் வரும் அரச வைத்தியர், அடைத்த கதவுகளையும் சாளரங்களையும் திறக்கச் செய்கின்றார். விளக்கை அணைத்து, விண்மீன்களின் ஒளியை உள்ளே வரவிடுகின்றார். அரசனிடம் யாதேனும் பரிசு கேட்குமாறு மாதவன் மகனின் செவியிலே சொல்ல, தன்னைத் தபாற்காரனாக நியமிக்குமாறு கேட்பேன் என்கிறான் அமல். பின் அவன் உறங்குகின்றான். பூக்களோடு வந்த சுதா, அவன் விழிக்கும்போது தான் அவனை மறக்கவில்லை என்னும் செய்தியை அவன் செவியிற் சொல்லிவிடுமாறு வேண்ட, நாடகம் முடிகின்றது.

அமல் உறங்கினானா, இறந்தானா? கண்டோர் யாவர்க்கும் எழும் முதல் வினா இதுவே. ஆசிரியர் இதற்கு நேர்விடை தரவில்லை. விடை தராமைக்குரிய காரணத்தை அவரது வாழ்க்கையிலே காணலாம். 1902ஆம் ஆண்டில் அவர் மனைவியார் மிருணாளினி தேவியார் மறைந்தார். அடுத்த ஆண்டிலே சயரோகம் பற்றிய மகள் இரேணுகாவை அல்மோரா மலைப்பகுதிக்குக் கொண்டுசென்று அருகிருந்து பேணினார்; அவளும் பிழைத்தாளில்லை. 1905இல் தந்தையாரும், 1907இல் பதினொரு வயதும் நிரம்பாத இளைய மகன் சமீந்திரநாதனும் பிரிந்தனர். நோயாளியின் கட்டிலருகே இராக்கண்விழித்த ஒருவரது அனுபவம் இந்நாடகத்தின் ஒவ்வொரு காட்சியிலும் ஊடுருவி நிற்கின்றது. மற்றொரு நினைவும் இதனோடு சேர்கின்றது. இளமையிலே வேலைக்காரன் ஒருவன் தன்னைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அதனைத் தாண்டலாகாது என அச்சுறுத்திச் செல்வதையும், தான் சாளரத்தின் வழியே குளத்தையும் ஆலமரத்தையும் நோக்கிப் பொழுது போக்கியதையும் தாகூர் தம் வாழ்க்கை நினைவுகளிற் கூறியுள்ளார். அடைபட்ட பிள்ளையும் அவரே. பிள்ளையை இழந்த தந்தையும் அவரே.

இந்நாடகத்தின் ஆங்கில வடிவம் டப்ளின் நகரத்து அபி அரங்கில் 1913ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி மேடையேறியது. தாகூர் நோபெற் பரிசு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. அயர்லாந்தின் விடுதலையை நாடிய பற்றிக் பியேர்ஸ் நடத்திய புனித எண்டா பாடசாலையின் உதவிக்காக அன்று இரு நாடகங்கள் காட்டப்பெற்றன. ஒன்று பியேர்ஸ் எழுதிய ‘அரசன்’, மற்றொன்று தாகூரின் நாடகம். அடுத்து யூலை மாதத்தில் அந்நடிகரே இலண்டனிலும் இதனை நடித்தனர். இதன் அச்சுப் பதிப்புக்கு 1914இல் முன்னுரை வரைந்த கவிஞர் யேற்ஸ், மேடையிலே காணும்போது இது குறைவற அமைந்த நாடகமாயிருப்பதையும், தக்க அவையினரிடத்தே மென்மையும் அமைதியும் வாய்ந்த உணர்ச்சியை எழுப்புவதையும் எடுத்துரைத்தார். அச்சமூட்டும் சாவாக அன்றி, ஆற்றின் அக்கரைக்குச் செல்லும் விடுதலையாகவே அவர் இதன் முடிவைக் கண்டார். மூன்றாண்டின் பின்னர், 1916ஆம் ஆண்டு எழுச்சியிலே பியேர்ஸ் மரணதண்டனைக்கு உள்ளானார் என்பதையும் உடன்வைத்து நோக்குவோர்க்கு, அன்றைய அவை எத்தகையது என்பது விளங்கும்.

கல்கத்தாவிலே, ஜோராசங்கோவில் உள்ள தாகூர் இல்லத்து விசித்திரா மண்டபத்தில் 1917ஆம் ஆண்டில் இது நடிக்கப்பெற்றது. முதியவர் வேடத்தைத் தாகூரே தாங்கினார். 1934ஆம் ஆண்டில் அவர் சாந்திநிகேதனக் கலைஞரோடு வந்து ‘சாப மோசனம்’ என்னும் ஆடல் நாடகத்தைக் கொழும்பிலே நிகழ்த்தியபோது, அவரது அரங்கக்கலையை இலங்கையரும் நேரிற் கண்டனர். கல்கத்தாவில் அவ்வாண்டின் இறுதியிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு வந்திருந்த அன்னி பெசண்ட் அம்மையார், திலகர், மாளவியா, காந்தி ஆகியோர் ‘டாக் கர்’ நாடகத்தைப் பார்த்தனர். பெசண்ட் அம்மையார் அதே ஆண்டிலேதான் அரசாங்கத்தாற் காவலில் வைக்கப்பெற்று விடுதலையானவர். திலகர் மாந்தளையிலே ஆறாண்டு சிறையிருந்து 1914இல் மீண்டவர். அடைத்த கதவின் பொருளை இவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. காந்தியடிகளோ அரசியற் பொருள் எதனையும் தேடினாரல்லர். தாம் மெய்ம்மறந்து களித்ததாகவும், கவிஞரின் இன்குரலும் நோயுற்ற சிறுவனின் நடிப்பும் பின்னரும் தம்மை விட்டு நீங்கவில்லை எனவும், அந்நிகழ்ச்சியின் இசை தம் நரம்புகளுக்கு ஆறுதலளித்தது எனவும் ஒரு கடிதத்திலே குறித்தார். ஓயாத உழைப்பினால் வருந்திய ஒருவர்க்கு அந்நாடகம் மருந்தாயிற்று.

1921ஆம் ஆண்டிலே பேர்லினில் ஜேர்மானியர் நடித்ததைத் தாகூர் நேரிற் கண்டார். அமலாக நடித்த சிறுமியை அவர் பாராட்டினார். ஆயினும் விசித்திரா மண்டபத்து நடிப்புக்கும் இதற்கும் ஏதோ ஒரு வேறுபாடு உண்டென உணர்ந்தார். அஃது இன்னதென எடுத்துரைத்தவர் அவையிலிருந்த மார்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒட்டோ. ஜேர்மன் நடிகர் இதனைப் பிடிபடாத அழகு நிறைந்த தேவதைக் கதைபோலக் காட்டினர். நாடகத்தின் உட்பொருளோ ஆன்மிகமானது என்பது அவர் கருத்து. இதனைத் தாகூர், அன்பர் சி. எவ். அன்றூசுக்கு யூன் மாதத்தில் எழுதிய கடிதத்திலே கூறி, தம் கருத்தையும் விரித்தார். அமல் என்பவன் திறந்த வெளியின் அழைப்பைக் கேட்ட ஆன்மா, மாதவன் உலகியலறிவுடையான், அவன் கண்ணுக்கு அவ்வேட்கையே கொடிய நோயாகத் தோன்றுகின்றது. பொருட்குவியலையும் பழகிய கொள்கையையும் நம்பும் உலகு சாவு எனக் கொள்வது அமலுக்கு விழிப்பாகின்றது. அவ்விழிப்பிலே அவனுடன் செல்வது சுதா அளித்த அன்பின் மலர் ஒன்றே. இதுவே கவிஞரின் விளக்கத்தின் சாரம்.

இவ்விளக்கத்தைக் கேட்டபின் விவாதம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் இந்நாடகத்துக்கு மிகக் கடுமையான சோதனை, ஆசிரியர் மறைந்து ஓராண்டு நிறையுமுன் வந்தது. போலந்து நாட்டின் வார்சோ நகரில், நாசிகள் யூதரை மதிலிட்டு அடைத்த பகுதியிலே, யானுஸ் கோர்ச்சாக் என்னும் மருத்துவர் ஏறத்தாழ இருநூறு அநாதைப் பிள்ளைகளைப் பேணி வந்தார். 1942ஆம் ஆண்டு யூலை மாதம் 18ஆந் திகதி அப்பிள்ளைகள் அழைக்கப்பெற்ற விருந்தினர் முன்னிலையிலே ‘தபாற் கந்தோர்’ நாடகத்தை நடித்தனர். இதனைத் தெரிந்தெடுத்ததன் காரணத்தை வினாவியோர்க்கு, பிள்ளைகள் மரணத்தை அமைதியோடு ஏற்கப் பழகவேண்டும் என அவர் விடையளித்ததாகச் சொல்லப்படுகின்றது. நடித்த பிள்ளைகள் மறுநாளும் தத்தம் பாத்திரமாகவே வாழ்ந்தால் எவ்வாறிருக்கும் என அவர் தம் நாட்குறிப்பிலே எண்ணிப் பார்த்தார். நான்கு நாட்களின் பின் அப்பகுதி மக்களைக் கொலைக்களத்துக்கு அனுப்புதல் தொடங்கிற்று. ஆகஸ்ட் மாத முதல் வாரத்திலே அப்பிள்ளைகளும் திரெப்லிங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தப்பிச் செல்லும் வாய்ப்பை மறுத்த கோர்ச்சாக்கும் அவர்களுடனேயே சென்றார்.

வார்சோவிலே இந்நாடகத்தைக் கண்டோர்க்கு அது தேவதைக் கதையும் அன்று. தத்துவ உருவகமும் அன்று. கதவு உண்மையாகவே அடைபட்டிருந்தது. ஆனால் அரசனின் தூதன் வந்து அதனைத் திறக்கவில்லை. ஆகவே, சாவு ஒரு விடுதலை என இந்நாடகத்தைக் கொண்டு எளிதாகப் பேசுவோர் சற்றுத் தயங்குதல் வேண்டும். கொலைஞர் விளைத்த சாவை எந்த அரசனின் கடிதமாகவும் கொள்ளுதல் தகாது. அவ்வாறாயின், அன்று அப்பிள்ளைகளுக்கு இந்நாடகம் அளித்தது யாது? தாம் தனித்து விடப்படவில்லை என்னும் உறுதியே அது. அவ்வுறுதியைச் சொல்லாற் கொடுத்தவர், பின்னர்ச் செயலாலும் கொடுத்தார்.

இவ்விடத்திலேதான் நாடகத்தின் மையப்பொருள் துலங்குகின்றது. இதனுள்ளே இருவகை அன்புகள் எதிரெதிரே வைக்கப்பட்டுள்ளன. ஒன்று காக்கும் அன்பு. மற்றொன்று திறக்கும் அன்பு. மாதவனது அன்பு முதலாவது வகையைச் சார்ந்தது. தாகூர் தம் கடிதத்திலே மாதவனை உலகியலாளன் எனக் கடிந்தபோதும், மேடையிற் காணும் மாதவன் வெறுக்கத்தக்கவன் அல்லன். பிள்ளையை இழந்துவிடுவோமோ என அஞ்சும் எத்தந்தையும் அவனைப்போலவே சாளரத்தை அடைப்பான். அவன் தவறு அன்பின்மை அன்று. அச்சத்தையே அன்பெனக் கொண்டமையாகும். நாடகம் மருத்துவத்தைப் பழிப்பதாகக் கொள்வதும் பொருந்தாது. கதவைத் திறப்பவரும் ஒரு வைத்தியரே. ஊர் வைத்தியர் ஏட்டை நோக்குகின்றார்; அரச வைத்தியர் நோயாளியை நோக்குகின்றார். வேறுபாடு அவ்வளவே.

திறக்கும் அன்பு பலரிடத்தும் சிறுசிறு அளவிலே காணப்படுகின்றது. தயிர்க்காரன் விலை பெறாது தயிர் கொடுத்து, தயிர் விற்பதிலும் ஓர் இன்பம் உண்டு என அமலிடமிருந்து கற்றுச் செல்கின்றான். முதியவர் தாம் கண்டதும் காணாததுமாகிய நாடுகளைப் பற்றிக் கூறி, அறைக்குள்ளே கடலையும் மலையையும் கொண்டுவருகின்றார். நோயாளிக்கு இவர்கள் மருந்து கொண்டுவரவில்லை, உலகத்தைக் கொண்டுவந்தனர். அவனைப் பரிதாபத்துக்குரியவனாக எண்ணாமல், பேசுதற்குரியவனாக மதித்தனர். நோயுற்றோரைக் காணச் செல்பவர் நோயைப் பற்றியே வினாவி மீளும் வழக்கத்தை எண்ணிப் பார்ப்போர்க்கு, இதன் அருமை தெரியும்.

கண்டோர் கருத்துக்கள் மாறுபட்டமைக்குக் காரணமும் இதுவே. அக்கரையை நோக்கியவர்க்கு அமைதி கிடைத்தது. அடைத்த கதவை நோக்கியவர்க்கு விடுதலை வேட்கை தெரிந்தது. அழகை நாடியவர் தேவதைக் கதையைக் கண்டனர். ஒவ்வொரு கருத்தும் ஓரளவு உண்மையே. ஆனால், அமல் இறந்தானா, உறங்கினானா என்னும் வினாவோடு நின்றுவிடுவோர் கடைசிக் காட்சியைத் தவறவிடுகின்றனர். தாகூர் அரசனின் வருகையோடு நாடகத்தை முடித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அரசன் இன்னும் வரவில்லை. பூக்காரச் சிறுமியே வருகின்றாள். சொன்ன சொல்லை மறவாமல், காலந் தாழ்த்தேனும், பூவோடு வருகின்றாள். அவள் வேண்டுவது அமல் பிழைக்கவேண்டும் என்பதன்று. தான் மறக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியவேண்டும் என்பதே.

எனவே, இந்நாடகத்தை மேடையேற்ற எண்ணும் மாணவரும் ஆசிரியரும் மரணத்தின் மருமத்தைக் காட்டப் பெருமுயற்சி செய்தல் வேண்டா. ஒளி விளக்கும் இன்னிசையும் குறைந்தாலும் குற்றமில்லை. சுதாவாக நடிக்கும் பிள்ளை அந்த இறுதிச் செய்தியை ஆரவாரமின்றிச் சொல்லக் கற்றால் அது போதும். நோயை நீக்குதல் எல்லார்க்கும் இயல்வதன்று. நோயுற்றவனின் சாளரத்தருகே ஒரு நாழிகை நின்று பேசுதலும், வருவேன் எனச் சொன்னால் வருதலும் எவர்க்கும் இயலும். அதனை உணர்ந்து செல்பவரே இந்நாடகத்தை முழுதுங் கண்டவராவர்.